மூன்றாவது கட்டம்

என்னுடைய சிலப்பதிகாரப் பிரதிக்குள் ஓர் ஏ4 தாள் எட்டு மாதமாக மடிந்து கிடக்கிறது. தாளின் நடுவே ஒரு பெரிய வட்டம்; அதைச் சுற்றிக் கடிகார எண்களைப்போலப் பன்னிரண்டு கட்டங்கள். பத்துக் கட்டங்களில் என் கையெழுத்து இருக்கிறது. பன்னிரண்டாவதில் எதையோ எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடியும் அடித்திருக்கிறேன். மூன்றாவதில் ஒரே ஒரு கேள்விக்குறி. புத்தகத்தை எப்போது எடுத்தாலும் அந்தத் தாள் செருகிய பக்கம்தான் முதலில் திறந்துகொள்கிறது. தூக்கிப் போட்டுவிடலாம்தான். போட முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த கதைப் பட்டறையில் கொடுத்த தாள் அது. நாற்பது பேர் போல இருந்தோம். பாதிப் பேர் திரைக்கதை எழுதுகிறவர்கள், அல்லது எழுத ஆசைப்படுகிற இளைஞர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டோமே, இனியாவது நாலு கதை எழுதிப் பார்க்கலாம் என்று வந்தவர்கள் என்னையும் சேர்த்து நாலைந்து பேர். பட்டறையை நடத்தியவர் பொறுமைசாலி. யாருடைய கேள்வியையும் அலட்சியம் செய்யவில்லை. உலகத்துக் கதைகளுக்கெல்லாம் அடியில் ஒரே கதைதான் ஓடுகிறது என்றார். சாதாரண வாழ்க்கையில் இருக்கும் ஒருவனுக்கு ஓர் அழைப்பு வருகிறது, முதலில் மறுக்கிறான், வழிகாட்டி ஒருவர் வந்து சேர்கிறார், வாசலைத் தாண்டுகிறான், சோதனைகள், குகை, சாவின் விளிம்பு, பரிசு, பிறகு கையில் அமுதத்தோடு ஊர் திரும்புகிறான். தேநீர் இடைவேளைக்குள் ஆளுக்கொரு கதையை எடுத்து இந்த வட்டத்தில் நிரப்புங்கள் என்றார். மற்றவர்கள் சினிமாக்களை எடுத்துக்கொண்டார்கள். நான் கண்ணகியை எடுத்துக்கொண்டேன்.

அவர் ஒவ்வொரு மேசையாக வந்து, என் தாளைக் குனிந்து பார்த்தார்.

"கண்ணகி எந்த இடத்தில் மறுக்கிறாள், அம்மா?"

"மறுக்கவில்லையே. எழு என்றான், எழுந்துவிட்டாள்."

"அப்படியென்றால் இது அவளுடைய பயணம் இல்லை. கோவலனை வைத்துப் போடுங்கள், சரியாக உட்காரும்."

கோவலனை வைத்துப் போட்டுப் பார்த்தேன். எட்டாவது கட்டத்திலேயே வெட்டுப்பட்டுவிட்டான். மீதி நாலு கட்டத்துக்கு ஆள் இல்லை.

சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். ஆனால் "இது அவளுடைய பயணம் இல்லை" என்ற வாக்கியம் செருப்புக்குள் புகுந்த மணல்போல உறுத்திக்கொண்டே இருந்தது. புகாரிலிருந்து மதுரை வரை நடந்தவள் அவள். அங்கிருந்து மேற்கே மலை வரை தனியாக நடந்தவளும் அவள். அவ்வளவு தூரம் நடந்தது பயணம் இல்லை என்றால் வேறு எதற்குத்தான் அந்தப் பெயர்?

வட்டத்தின் மீது எனக்குப் பகை இல்லை

இதை எழுதும்போதே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'நாயகப் பயணம்' என்ற இந்த வட்டத்துக்கு மூலவரான அமெரிக்கத் தொன்ம ஆய்வாளர் ஜோசப் கேம்பெலைக் கேலி செய்வது இப்போது சுலபமான காரியமாகிவிட்டது. 1949இல் அவர் பதினேழு படிகளாக எழுதியதை, 1980களில் ஹாலிவுட்டில் கதை இலாகாவில் இருந்த கிறிஸ்டஃபர் வோக்லர் ஏழு பக்கக் குறிப்பாகச் சுருக்கினார்; அது பன்னிரண்டு படிகளாகி, நகலுக்கு நகலாகி, கடைசியில் என் மேசைக்கு வந்தது. இத்தனை கை மாறிய சரக்கின் குறைகளுக்கெல்லாம் முதல் ஆளைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. வட்டம் வேலை செய்யும் இடங்களும் உண்டு. உளவியலாளர் யுங் சொன்ன தொல்படிமங்கள், அதாவது எல்லாக் கதைகளிலும் திரும்பத் திரும்ப வரும் பாத்திர வார்ப்புகள், என்ற கண்ணாடியை மாட்டிக்கொண்டு மதுரைக் காண்டத்தைப் படித்தால் சில விஷயங்கள் சட்டென்று துலங்குகின்றன. காட்டில் வசந்தமாலையின் உருவத்தில் வந்து கோவலனை மயக்கப் பார்க்கும் வனதெய்வம், அரசியின் சிலம்பைத் தானே திருடி வைத்துக்கொண்டு அடுத்தவனைக் கள்வனாக்கும் பொற்கொல்லன், அரண்மனை வாயிலோன் என, உருமாறுபவர், வஞ்சகன், வாசல்காவலன் என்ற மூன்று படிமங்களும் வரிசையாக வந்து நிற்கின்றன. பட்டறைக்காரர் பார்த்திருந்தால் மகிழ்ந்துபோயிருப்பார்.

வழிகாட்டியும் இருக்கிறார். கவுந்தியடிகள். கையில் பிச்சைப் பாத்திரம், தோளில் உறி, மயிற்பீலி. நானும் மதுரைக்குப் போகிறேன், வாருங்கள் என்று கூட வருகிறார். கேம்பெலின் வழிகாட்டி நாயகனுக்கு ஒரு வாளையோ தாயத்தையோ தர வேண்டும். கவுந்தி எதையும் தரவில்லை. வழியில் கோவலனையும் கண்ணகியையும் பார்த்து ஏளனம் பேசிய இருவரை முள்காட்டு நரிகளாகச் சபிக்கிறார். அந்த அளவுக்கு வல்லமை உள்ளவர். அப்படிப்பட்டவர் மதுரையின் புறஞ்சேரியில் இடைக்குல மூதாட்டி மாதரியிடம் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைக்கிறார், பாதுகாப்பான இடம் என்று நம்பி. பிறகு நடந்ததைக் கேள்விப்பட்டு உண்ணாமல் கிடந்து உயிரை விடுகிறார். மாதரி நள்ளிரவில் தீயில் இறங்குகிறாள். நரிச் சாபம் பலிக்கிறது, அடைக்கலம் பலிக்கவில்லை. நான்காவது கட்டத்தில் கவுந்தியின் பெயரை எழுதிவிட்டேன், எழுதிய கை கொஞ்சம் கூசியது.

ஊர் திரும்பியது யார்

பன்னிரண்டாவது கட்டம் படுத்திய பாடு வேறு. 'அமுதத்தோடு திரும்புதல்'. கண்ணகி புகாருக்குத் திரும்பவே இல்லை. மதுரை எரிந்தபின் அவள் கொற்றவை கோயில் வாயிலில் பொன்வளையை உடைத்துப் போட்டுவிட்டுச் சொல்வது இது: "கீழ்த்திசை வாயில் கணவனொடு புகுந்தேன், மேல்திசை வாயில் வறியேன் பெயர்கு." வந்த வாசல் ஒன்று, போகிற வாசல் வேறு. பதினான்கு நாள் கழிந்தபோது மலைமேல் வேங்கை மர நிழலில் நிற்கிறாள், முன்பின் தெரியாத குறவர்கள் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். புகாருக்குச் செய்திதான் திரும்பிப் போகிறது. செய்தி கேட்டு இரண்டு தாய்மாரும் இறந்துபோகிறார்கள். இரண்டு தந்தையரும் சொத்தைத் தானம் செய்துவிட்டுத் துறவு கொள்கிறார்கள். அமுதம் என்று இதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆனால் சிலப்பதிகாரத்தில் வட்டம் முழுதாகப் பொருந்தும் ஒருவர் இருக்கிறார் என்பது ஒரு நாள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டது. சேரன் செங்குட்டுவன்! மலைக்குறவர்கள் வந்து அதிசயத்தைச் சொல்கிறார்கள்; அரசி வேண்மாள் இந்தப் பத்தினியை வழிபட வேண்டும் என்கிறாள்; அழைப்பு. அவளுக்குச் சிலை வடிக்கப் பொதிகைக் கல் பக்கத்திலேயே இருக்கிறது, அது வேண்டாம் என்று இமயத்துக்குக் கிளம்புகிறான், வாசல். கனக விசயரோடு பதினெட்டு நாழிகைப் போர், சோதனை. கல் கிடைக்கிறது; பரிசு. தோற்றவர்கள் தலையில் அதை ஏற்றி, கங்கையில் நீராட்டி, வஞ்சியை விட்டு வந்து முப்பத்திரண்டு மாதமாகிவிட்டது என்று கணி, அதாவது சோதிடர், சொல்ல, ஊர் திரும்புகிறான். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி ஒரு கட்டம்கூடத் துருத்தவில்லை.

அந்த வஞ்சிக் காண்டத்தைத்தான் நாமெல்லாரும் வேகமாகப் புரட்டுகிறோம். நானே கல்லூரி நாளில் அதைத் தேர்வுக்கு மட்டும் படித்தேன். நாயகப் பயணம் எழுதத் தெரியாததால் இளங்கோ கண்ணகிக்கு அதைக் கொடுக்காமல் விட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. தெரிந்திருக்கிறது, எழுதியும் இருக்கிறார், ஓர் அரசனுக்கு.

மௌரீன் மர்டாக் என்ற அமெரிக்கப் பெண்மணி 1990இல் எழுதிய நூலில் ஒரு விஷயத்தைச் சொல்கிறார். பெண்ணுக்கான பயணம் என்ன என்று கேம்பெலிடமே கேட்டிருக்கிறார். பெண் பயணம் போக வேண்டியதில்லை, எல்லாரும் போய்ச் சேர முயலும் இடமே அவள்தான் என்ற பொருளில் அவர் பதில் சொல்லியிருக்கிறார். மர்டாக்குக்கு அது திருப்தியாக இல்லை. அதிலிருந்துதான் அவருடைய புத்தகமே பிறந்தது. முதலில் படித்தபோது எனக்கும் கோபம் வந்தது. பிறகு வஞ்சிக் காண்டத்தை நினைத்ததும் கோபம் கொஞ்சம் கோணிக்கொண்டது. கேம்பெல் சொன்னது செங்குட்டுவன் கதையில் எழுத்துக்கு எழுத்து நடக்கிறது. நடந்து நடந்து கால் நொந்த ஒரு பெண், மூன்றாம் காண்டத்தில் ஓர் அரசன் கொண்டுவந்து சேர்க்கும் கல்லாகிவிடுகிறாள்.

நம் ஆட்களையும் விட்டுவிடக் கூடாது. கேம்பெலுக்கு முன்பே கண்ணகியை ஒரு படிமத்துக்குள் அடைத்தவர்கள் நாம். 'கற்புக்கரசி' என்று ஒரே கட்டம்; அதற்குள் கையில் சிலம்போடு நீதி கேட்கும் ஒரே ஒரு கணம். 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் வைத்த சிலையும் அந்தக் கணம்தான். அந்தச் சிலையை 2001இல் எடுத்தார்கள், 2006இல் அதே கடற்கரையில் மறுபடி வைத்தார்கள். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்த ஒரே கண்ணகி அந்தச் சிலைதான்.

சாலினி என்றால் என்ன அர்த்தம்

மூன்றாவது கட்டத்துக்கு வருகிறேன். அதை நிரப்ப நான் செய்த முயற்சிகள் இரண்டு. புகாரில், சோமகுண்டத்திலும் சூரியகுண்டத்திலும் நீராடிக் காமவேள் கோயிலில் தொழுதால் கணவன் திரும்புவான் என்று தோழி தேவந்தி சொல்கிறாள். கண்ணகியின் பதில் ஒரே சொல்: "பீடன்று." பெருமை இல்லை என்கிறாள். மறுப்புதான், ஆனால் பயணத்துக்கான மறுப்பு இல்லை. அழைப்பே அப்போது வரவில்லை. இரண்டாவது முயற்சி கொலைக்களக் காதையில். சாவதற்குச் சற்று முன் கோவலன் மனம் நொந்து, எழு என்றதும் எழுந்து வந்துவிட்டாயே, என்ன காரியம் செய்தாய் என்று கேட்கிறான். அதற்கு அவள்: "போற்றா ஒழுக்கம் புரிந்தீர், யாவதும் மாற்றா உள்ள வாழ்க்கையேன் ஆதலின் ஏற்றெழுந்தனன் யான்." நீங்கள் செய்தது சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, நான் எழுந்தது என் மனம் அப்படி என்பதால் என்கிறாள். படிக்கும்போதெல்லாம் எனக்கு முதுகு நிமிரும் வரி. இதுவும் மறுப்பு இல்லை. கேள்விக்குறி அப்படியே நின்றது.

பங்குனியில் ஒரு மத்தியானம் எதிர்வீட்டுச் சிறுமி வந்தாள். ஒன்பது வயது. பள்ளியில் அவரவர் பெயருக்கு அர்த்தம் எழுதிவரச் சொன்னார்களாம். "பாட்டி, சாலினி என்றால் என்ன?" என்றாள். உன் பெயர் சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லி வேட்டுவ வரியைப் பிரித்தேன். தெய்வம் ஏறி ஆடுகிறவள் என்றதும் குழந்தைக்கு ஏக மகிழ்ச்சி, எழுதிக்கொண்டு ஓடிவிட்டாள். நான் அந்தப் பக்கத்திலேயே தங்கிவிட்டேன்.

பாலைநில வேட்டுவர்களின் ஐயை கோட்டம், அதாவது கொற்றவை கோயில். கண்ணகி கால் நோகக் கோவலனோடும் கவுந்தியோடும் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறாள். இதற்குச் சில நாள் முன்புதான், புகாரை விட்டு ஒரு காதம் மட்டுமே தாண்டிய நிலையில், "மதுரை மூதூர் யாது" என்று கேட்டாள். "ஆறைங்காதம், பக்கம்தான்" என்று கோவலன் சிரித்தான். ஆறு ஐந்து முப்பது. ஆனால் ஆறோ ஐந்தோ என்றும் காதில் விழும்படி சொல்கிறான்; குழந்தையை ஏமாற்றி நடக்க வைப்பதுபோல. இப்போது கோட்டத்தின் முன்றிலில் சாலினிக்கு வெறி ஏறுகிறது. தன் கூட்டத்துக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, யாரும் எதிர்பாராதபடி இந்த வழிப்போக்குப் பெண்ணைக் காட்டுகிறாள். "இவளோ, கொங்கச் செல்வி, குடமலையாட்டி, தென்தமிழ்ப் பாவை, செய்தவக் கொழுந்து, ஒருமா மணியாய் உலகிற்கு ஓங்கிய திருமா மணி." காவியம் முழுவதும் இனி நடக்கப்போவது இந்த மூச்சில் இருக்கிறது. குடமலையில் அவள் தெய்வமாகப்போவதும் உட்பட.

இதற்குக் கண்ணகி என்ன செய்கிறாள்? "பேதுறவு மொழிந்தனள் மூதறிவாட்டி என்று அரும்பெறல் கணவன் பெரும்புறத்து ஒடுங்கி விருந்தின் மூரல் அரும்பினள் நிற்ப." இந்தப் பெரியவள் ஏதோ மயக்கத்தில் உளறுகிறாள் என்று சொல்லிக் கணவனின் அகன்ற முதுகுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொள்கிறாள். உதட்டில் ஒரு புதுச் சிரிப்பு. விருந்து என்றால் இங்கே புதுமை. மாமனார் மாமியார் முன் இத்தனை நாள் காட்டியது பொய்ச் சிரிப்பு என்று அவளே பிறகு சொல்வாள். 'வாயல் முறுவல்' என்பது அவள் சொல். இது அது இல்லை. வெயிலில் கறுத்துப்போன ஒரு பெண், தன்னை யாரோ தெய்வம் என்று சொன்னதற்கு வெட்கப்பட்டு, மீண்டும் கிடைத்த கணவனின் முதுகில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து தாளை எடுத்தேன். மூன்றாவது கட்டத்தில் கேள்விக்குறிக்குக் கீழே 'பெரும்புறத்து ஒடுங்கி' என்று எழுதினேன். அழைப்பு வந்திருக்கிறது. மறுத்தும் இருக்கிறாள். நான் தப்பான வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எழு" என்று கோவலன் சொன்னது அழைப்பு இல்லை, வியாபாரத் திட்டம். சிலம்பை விற்று முதல் போட்டுப் பிழைப்போம் என்பது. உண்மையான அழைப்பு பேர் தெரியாத ஊரில், பேர் தெரியாத ஒருத்தியின் வாயிலிருந்து வருகிறது. பட்டறைக்காரரின் வட்டம் கேட்ட கேள்வி சரியானதுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டம் காலியாக இல்லாதிருந்தால் எந்த நாளும் நான் அந்த மூன்று வரியில் நின்றிருக்க மாட்டேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் தாளை எடுத்துப் பரணில் போட்டிருப்பேன். 'புறத்து' என்ற சொல் விடவில்லை. முதுகு. அந்த முதுகை மதுரையில் வெட்டிவிடுகிறார்களே, அதற்கப்புறம் இவள் எங்கே ஒடுங்குவாள் என்று பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். ஊர்சூழ் வரி, வழக்குரை, வஞ்சினம், அழல் என்று எங்கேயும் அவளுக்கு ஒடுங்க இடம் இல்லை. எல்லா இடத்திலும் முன்னால் நிற்கிறாள். பதினொரு காதை தாண்டிக் கட்டுரை காதைக்கு வந்தேன். ஊர் எரிந்துகொண்டிருக்கிறது. மதுரையின் காவல்தெய்வமான மதுராபதிக்கு அவளிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டும். அந்தத் தெய்வம் எப்படி வருகிறது தெரியுமா? "முன்னிலை ஈயாள் பின்னிலைத் தோன்றி." முன்னால் வந்து நிற்கத் துணியாமல், கண்ணகியின் முதுகுக்குப் பின்னால் வந்து, "நங்கையே, என் குறையைக் கேள்" என்கிறது.

கைகளில் மயிர்க்கூச்செறிந்தது என்று எழுதினால் மிகையாகத் தெரியும். எழுதிவிடுகிறேன், அதுதான் நடந்தது.

கண்ணகி முகத்தை வலப்பக்கமாகத் திருப்பிக் கேட்கிறாள்: "யாரை நீ என் பின் வருவோய்? என்னுடை ஆரஞர் எவ்வம் அறிதியோ?" யார் நீ, என் பின்னால் வருகிறவள்? என் துயரம் உனக்குத் தெரியுமா? ஒருவன் முதுகுக்குப் பின்னால் சிரித்தவளின் முதுகுக்குப் பின்னால் இப்போது ஒரு தெய்வம் நிற்கிறது, பயந்துகொண்டு. அவள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்பதற்கு இளங்கோ வைத்த கணக்கு எனக்கு இதுவாகத்தான் தெரிகிறது. காதத்தில் அளந்தால் முப்பதுதான்.

ஐயாவின் ஆட்சேபம்

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர், காது கொஞ்சம் மந்தம், நினைவு அல்ல. தாளையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். திண்ணையில் உட்கார்ந்து இரண்டு இடத்தையும் வாய்விட்டுப் படித்தார்.

"நன்றாக இருக்கிறது, அம்மா. ஆனால் பத்தினியின் சினத்துக்கு அஞ்சித் தெய்வம் முன்னால் வரவில்லை. அவ்வளவுதான் பாட்டில் இருக்கிறது. இந்த முடிச்சை இளங்கோ போட்டாரா, நீங்கள் போட்டீர்களா?"

"நான்தான் போட்டேன் போலிருக்கிறது, ஐயா. ஆனால் நூலின் இரண்டு முனையும் அவர் விட்டு வைத்தது."

"இரண்டு முனை கிடைத்தால் முடிந்துவிடுவதா? அந்த வட்டத்துக்காரரும் அதைத்தானே செய்கிறார்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எல்லாக் கதையிலும் ஒரே கதையைப் பார்க்கிறவரும், ஒரு கதையின் இரண்டு மூலையில் ஒரே முதுகைப் பார்க்கிறவளும் தொழிலில் பங்காளிகள்தான். அவர் உலகம் பூராவும் முடிச்சுப் போடுகிறார், நான் ஒரு புத்தகத்துக்குள் போடுகிறேன். காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்றிரவு தொலைபேசி அடித்தது. ஐயா ஒன்பது மணிக்கு மேல் விழித்திருப்பவர் அல்லர்.

"அம்மா, மதுராபதியின் வருணனையைப் படித்தீர்களா?"

"இடப்பக்கம் நீலம், வலப்பக்கம் பொன்னிறம் என்று வருமே, அதுவா?"

"அதற்குக் கீழே வாருங்கள். கால்களைப் பாருங்கள்."

புத்தகத்தை எடுத்தேன். தாள் வழக்கம்போல வேறு பக்கத்தைத் திறந்து வைத்தது. தள்ளிக்கொண்டு போய்த் தேடினேன். "வலக்கால் புனைகழல் கட்டினும் இடக்கால் தனிச்சிலம்பு அரற்றும் தகைமையள்." ஒரு காலில் வீரக்கழல். மற்றக் காலில் ஒற்றைச் சிலம்பு. அரண்மனையில் ஒரு சிலம்பை உடைத்துவிட்டு வந்தவளின் பின்னால், அடிக்கு அடி ஒற்றைச் சிலம்புச் சத்தம் வந்துகொண்டிருக்கிறது.

"ஒலிக்கும் என்று எழுதவில்லை, கவனித்தீர்களா?" என்றார் ஐயா. "அரற்றும் என்று எழுதியிருக்கிறார்."

"அப்படியானால் முடிச்சு யார் போட்டது, ஐயா?"

"அதைக் காலையில் பேசுவோம்" என்று வைத்துவிட்டார்.